பெயர் அழிந்த கத்தி

திருநெல்வேலிக்காரன் ஒருவன் கத்தியைப் பற்றிக் கட்டுரை எழுதப் போகிறான் என்றால், கேட்கிறவர்கள் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துப் போட்டுக்கொள்வது வழக்கமாகிவிட்டது. சினிமாப் படங்கள் எங்கள் ஜில்லாவுக்குத் தேடித் தந்திருக்கும் கீர்த்தி அப்படி! வாசகர்கள் பயப்பட வேண்டாம். நான் சொல்ல வந்தது வீச்சரிவாளைப் பற்றி அல்ல. இரண்டு சாதுவான கத்திகளைப் பற்றி. ஒன்று அமெரிக்காவில் செய்தது; சட்டைப் பையில் மடங்கிக் கிடப்பது. மற்றொன்று தாமிரபரணிக் கரையில் யாரோ ஒரு கொல்லன் செய்தது. அவனுடைய பெயரோ காலமோ நமக்குத் தெரியாது. இரண்டையும் நான் சேர்த்து வைத்தேன். இரண்டையும் நானே கெடுத்தேன். அந்தக் கதையைச் சொல்லிவிட்டால் மனம் சற்று லேசாகும் என்று தோன்றுகிறது.

முதல் கத்தி என் பாட்டனாருடையது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது அவர் டெலிபோன் கம்பி இழுக்கும் படைப்பிரிவில் சேர்ந்து அஸ்ஸாமுக்குப் போனவர். அப்போது லெடோ என்ற ஊரிலிருந்து பர்மா வழியாகச் சீனாவை எட்டுவதற்கு அமெரிக்கர்கள் ஒரு பெரிய ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். 1945 ஜனவரியில்தான் அது முடிந்தது. ரோடு போன இடமெல்லாம் கூடவே டெலிபோன் கம்பியும் போயிற்று. கம்பத்தில் ஏறிக் கம்பி கட்டிய அமெரிக்கச் சிப்பாய் ஒருவனுக்கு, என் ஆச்சி ஊரிலிருந்து அனுப்பியிருந்த எலுமிச்சங்காய் ஊறுகாயின்மேல் அடங்காத மோகம் உண்டாயிற்றாம். ஒரு பாட்டில் ஊறுகாய்க்கு ஈடாகத் தன் இடுப்பில் தொங்கிய மடக்குக் கத்தியை அவிழ்த்துக் கொடுத்துவிட்டானாம். தாத்தா எத்தனையோ யுத்தக் கதைகள் சொல்வார். ஆச்சி அவற்றில் எதையும் நம்பமாட்டாள். இந்த ஒரு கதையை மட்டும் எதிர்ப்புச் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருப்பாள். "என் ஊறுகாய்க்குக் கிடைச்ச கத்திலா அது" என்று கடைசியில் தன் முத்திரையையும் வைப்பாள்.

கத்தி அப்படி ஒன்றும் அழகானதல்ல. மரப்பிடி, ஒரு முனையில் தொங்கவிட ஒரு வளையம். உள்ளே இரண்டு அலகுகள். ஒன்று சாதாரணக் கத்தி. மற்றொன்று திருப்புளி, அதன் ஓரத்திலேயே கம்பியின் மேலுறையைச் சுரண்டுவதற்கும் வழி செய்திருந்தார்கள். திருப்புளியை முழுவதும் திறந்தால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். திருகும்போது விரல்மேல் மடங்கிவிடக் கூடாதல்லவா? தாத்தா அந்தக் கத்தியால் மாம்பழம் நறுக்கினார், பென்சில் சீவினார், வீட்டு மின்சார விளக்குகளையெல்லாம் பழுது பார்த்தார். அவர் காலமான பிறகு அது என்னிடம் வந்து சேர்ந்தது.

எனக்கு அதன்மேல் இருந்த பக்தியை என்னவென்று சொல்வேன்? ஒரு சனிக்கிழமை மத்தியானம், பக்தி முற்றிப்போய், கடைக்குச் சென்று உப்புத்தாள் வாங்கி வந்தேன். அலகில் படிந்திருந்த கறுப்புக் கறையை எல்லாம் தேய்த்தேன். அலகின் அடியில், அது பிடிக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று மேலே, இரண்டு மூன்று வரி எழுத்துக்கள் மங்கலாகப் பொறித்திருந்தன. அங்கேதான் கறை அதிகம். அங்கேதான் நான் மிகவும் ஊக்கமாகத் தேய்த்தேன். சாயங்காலத்துக்குள் கத்தி கண்ணாடிபோல் ஆகிவிட்டது. அதில் என் முகம் தெரிந்தது. எழுத்துத்தான் தெரியவில்லை.

அது எவ்வளவு பெரிய மூடத்தனம் என்பது பல வருஷங்கள் கழித்துத் தெரிந்தது. சென்னையில் எனக்கு ஒரு நண்பர். பழைய பேனாக்கத்திகள் சேர்ப்பவர். தபால்தலை சேர்ப்பவர்களையும் நாணயம் சேர்ப்பவர்களையும் நாம் அறிவோம். பேனாக்கத்தி சேர்ப்பவர்கள் நம் ஊரில் அபூர்வம். அமெரிக்காவில் அது பெரிய பொழுதுபோக்கு. 1972-லேயே அதற்காக ஒரு தேசிய சங்கம் ஏற்பட்டுவிட்டது. நண்பரிடம் தாத்தாவின் கத்தியைப் பெருமையோடு நீட்டினேன். அவர் பிடியைப் பார்த்தார், வளையத்தைப் பார்த்தார், திருப்புளியைத் திறந்து 'டக்' என்ற சத்தத்தைக் கேட்டுப் புன்னகை செய்தார். "அமெரிக்க ராணுவத்தின் கம்பிக்காரர்களுக்கென்று செய்தது. டி.எல்.-29 என்று இதற்குப் பெயர்" என்றார். பிறகு அலகின் அடியை வெளிச்சத்தில் பிடித்தார். அவர் முகம் வாடிப்போயிற்று.

"யார் தேய்த்தது?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. என் முகத்திலிருந்தே தெரிந்துகொண்டிருப்பார்.

அமெரிக்க மடக்குக் கத்திகளில் அந்த அடிப்பகுதி எழுத்துத்தான் ஜாதகம். ராணுவம் ஒரே மாதிரியைக் கொடுத்து, கமில்லஸ், அல்ஸ்டர், யூட்டிகா என்று பல கம்பெனிகளிடம் கத்தி செய்து வாங்கியது. ஆகையால் உருவத்தைப் பார்த்து இன்னார் செய்தது என்று சொல்லிவிட முடியாது. எழுத்து சொன்னால்தான் உண்டு. 'கேஸ்' என்று ஒரு கம்பெனி. அதன் கத்திகளில் 1965 முதல் பெயரோடு 'யு.எஸ்.ஏ.' என்றும் சேர்த்தார்கள். 1970-ல் அதன் கீழே பத்துப் புள்ளிகள் குத்தினார்கள். அடுத்த வருஷம் ஒன்பது, அதற்கடுத்த வருஷம் எட்டு என்று ஆண்டுக்கு ஒரு புள்ளியாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். புள்ளிகளை எண்ணத் தெரிந்த பையன்கூட அந்தக் கத்தி பிறந்த வருஷத்தைச் சொல்லிவிடலாம்.

துப்பாக்கிக்குப் பேர்போன ரெமிங்டன் கம்பெனி முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு, வேலையில்லாமல் நின்ற இயந்திரங்களை ஓட்டுவதற்காக 1920-ல் பேனாக்கத்தி செய்யத் தொடங்கியது. வேட்டைக்காரர்களுக்காகச் செய்த கத்தியின் பிடியில் தோட்டா வடிவில் சின்ன உலோகத் தகடு ஒன்று பதித்தது. 1940-ல் அந்தத் தொழிலையே விட்டுவிட்டது. ஆகையால் அந்தத் தோட்டாக் கத்திகளுக்கு இன்று ஏக கிராக்கி. அமெரிக்காவில் 1890-ல் வந்த சுங்கச் சட்டம் ஒன்று, வெளிநாட்டுச் சரக்குகளில் தேசத்தின் பெயரைப் பொறித்தே தீர வேண்டும் என்று விதித்தது. ஆகவே அந்தச் சந்தையில் கிடைத்த பழைய கத்தியில் 'ஜெர்மனி' என்று இருந்தால், பெரும்பாலும் அதற்குப் பிறகு வந்த கத்தி என்று கொள்ளலாம். இப்படி ஒரு சட்டம், ஒரு புள்ளி, ஒரு தகடு எல்லாம் சேர்ந்துதான் ஒரு கத்திக்கு ஊரும் பேரும் வயதும் தருகின்றன.

"கறை இருந்தால் இருக்கட்டும், துரு இருந்தால் ஒரு சொட்டு எண்ணெய் போட்டு விட்டுவிட வேண்டும். தேய்க்கவே கூடாது" என்றார் நண்பர். "இது நல்ல கத்திதான். ஆனால் யார் செய்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு பேனாக்கத்திக்காகவா என்று நீங்கள் சிரிக்கலாம். எனக்கு ஞாபகம் வந்தது வேறு ஒரு கத்தி.

எனக்குப் பதினொரு வயது இருக்கும். விடுமுறைக்கு ஸ்ரீவைகுண்டத்தில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கிருந்து ஆற்றைத் தாண்டி மேற்கே மூன்று மைல் போனால் ஆதிச்சநல்லூர். தாமிரபரணியின் தென்கரையில் நூறு ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் சரளைமேடு. ஊரார் அதைப் பறம்பு என்பார்கள். பயிர் ஏறாத அந்த மேட்டுக்குக் கீழேதான் முதுமக்கள் தாழிகள் நெருக்கமாகப் புதைந்திருக்கின்றன. அந்தக் காலத்து மனிதர்களுக்குச் சாவே வராதாம். வயது ஏற ஏறக் குறுகிக் குறுகிக் கைப்பிள்ளை அளவுக்கு வந்துவிடுவார்களாம். அப்புறம் தாழிக்குள் வைத்து, சோறும் தண்ணீரும் வைத்து, விளக்கேற்றிப் புதைத்துவிடுவார்களாம். அத்தை சொன்ன இந்தக் கதையைக் கேட்ட பிறகு எந்தப் பையனால் பறம்புக்குப் போகாமல் இருக்க முடியும்?

மழை அரித்த ஓடையோரத்தில், உடைந்த தாழி ஒன்றின் விளிம்பு வெளியே தெரிந்தது. அதன் பக்கத்தில் ஒரு விரற்கடை இரும்பு நீட்டிக்கொண்டிருந்தது. பிடித்து ஆட்டினேன். கையோடு வந்துவிட்டது. ஒரு சாண் நீளம். துருவேறிச் செங்கல் நிறத்தில் இருந்தது. ஆனால் கத்திதான், சந்தேகமில்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"ஏலே, என்னலே கையில?"

காட்டினேன்.

"அது முதுமக்க சாமாம்லா. வீட்டுக்குக் கொண்டு போவாதே. எடுத்த எடத்துலேயே வச்சிரு."

பெரியவர் பேய்க்குப் பயந்து சொல்கிறார் என்று நினைத்தேன். சரி என்று தலையாட்டிவிட்டு, அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் கால்சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு நடையைக் கட்டினேன். பாதுகாக்கப்பட்ட இடத்திலிருந்து எதையும் எடுப்பது சட்டப்படிக் குற்றம் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அந்த மேட்டில் நானே முதல் திருடன் அல்ல என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். பெரிய மனிதர்கள் எனக்கு முன்னாலேயே வந்திருக்கிறார்கள். 1876-ல் பெர்லினிலிருந்து ஃபெடோர் யாகோர் என்ற யாத்ரீகர் வந்தார். பிலிப்பைன் தீவுகளைப் பற்றிப் புத்தகம் எழுதிப் புகழ்பெற்றவர். அவர் தோண்டியதில் ஐம்பதுக்கு மேற்பட்ட வகை மட்பாண்டங்களும், இரும்பு ஆயுதங்களும், எலும்புகளும் மண்டையோடுகளும் கிடைத்தன. எல்லாம் பெர்லினுக்குப் போய்ச் சேர்ந்தன. 1903-வாக்கில் லூயி லாபிக் என்ற பிரெஞ்சுக்காரர் வந்தார். அவர் எடுத்தது பாரிஸுக்குப் போயிற்று.

இவர்களுக்கு நடுவில் வந்தவர் அலெக்ஸாண்டர் ரீ. சென்னை ராஜதானியின் தொல்பொருள் இலாகா அதிகாரி. 1899-க்கும் 1905-க்கும் இடையில் பல பருவங்கள் அங்கே தோண்டினார். பொன்னாலான நெற்றிப்பட்டங்கள், வெண்கலத்தில் செய்த அழகிய பாத்திரங்கள், மிருக உருவங்கள் எல்லாம் அவருக்குக் கிடைத்தன. இவற்றைச் சென்னை எழும்பூர் மியூசியத்தில் காணலாம். பொன்னையும் வெண்கலத்தையும் பார்த்துவிட்டு ஜனங்கள் நகர்ந்துவிடுகிறார்கள். இரும்பின் முன்னால் நிற்பவர்கள் சிலர்தான். ரீ துரை இரும்பையும் விடாமல் கவனித்தார். வாள், ஈட்டிமுனை, குத்துவாள், மண்வெட்டி, சூலம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பட்டியல் எழுதினார். அது 1915-ல் புத்தகமாகவே வந்தது.

அந்தப் பட்டியலிலிருந்து தெரிகிற விஷயங்கள் என்னைப் பிடித்து உலுக்கின. வெண்கலத்தில் அத்தனை நுட்பமாக வேலை செய்யத் தெரிந்த அந்த ஜனங்கள், வெண்கலத்தில் ஆயுதம் செய்யவில்லை. ஆயுதமும் கருவியும் இரும்பில்தான். அதைவிட முக்கியமானது இது: தாழிகளின் பக்கத்தில் இருந்த ஆயுதங்கள் முனை கீழ்நோக்கியே நின்றன. துக்கத்துக்கு வந்தவர்கள் தங்கள் கையிலிருந்ததை அங்கேயே மண்ணில் குத்தி நிறுத்திவிட்டுப் போனதுபோல் இருந்தன என்பது ரீயின் கருத்து. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு சாயங்காலம், ஆற்றங்கரையில் அழுதுகொண்டு நின்ற மனிதர்கள் என்ன செய்தார்கள் என்பதை நமக்குச் சொல்வது எது? கத்தி அல்ல, கத்தி நின்ற நிலை. பிடுங்கி எடுத்த மறுகணம் அந்தச் செய்தி போய்விடும்.

இன்னொன்றும் உண்டு. சில இரும்புப் பொருள்களின்மேல் துணியின் அடையாளமும் மரத்தின் அடையாளமும் ஒட்டியிருந்தன. துணியும் மரமும் எப்போதோ மக்கி மண்ணாகியிருக்க வேண்டியவை. இரும்பின் துருவோடு ஒட்டிக்கிடந்ததால் தப்பின. நாம் அழுக்கு என்று நினைக்கிற துருவுக்குள்தான் அந்தக் கொல்லன் போட்ட மரப்பிடியும், யாரோ சுற்றி வைத்த துணியும் பதிந்திருந்தன.

நான் என்ன செய்தேன் என்பதை வாசகர்கள் இதற்குள் ஊகித்திருப்பீர்கள். ஆம், அத்தை வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்துகொண்டு, தேங்காய் எண்ணெயும் கூழாங்கல்லும் வைத்துக்கொண்டு, அந்தக் கத்தியைத் தேய்த்தேன். துரு பட்டை பட்டையாக உரிந்து விழுந்தது. பளபளவென்று இரும்பு வரும் வரும் என்று தேய்த்தேன். வரவேயில்லை. உள்ளேயும் துருதான். கடைசியில் மூன்று துண்டாக உடைந்தது. பயந்துபோய் ஒரு பிஸ்கோத்துத் தகர டப்பாவில் போட்டு மூடினேன். உப்புத்தாள் வாங்குவதற்கு எத்தனையோ வருஷம் முன்பே என் கை அந்தப் பாவத்துக்குப் பழகியிருந்தது.

யாகோரைப் பற்றிக் கோபமாகப் பேசுகிறவர்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த டப்பா ஞாபகம் வரும். அவர் எடுத்ததாவது பெர்லினில் ஒரு மியூசியத்துக்குப் போயிற்று.

ரீயின் வேலையிலும் இன்று குறை சொல்கிறார்கள். எந்தப் பொருள் எந்த மண் அடுக்கில், எவ்வளவு ஆழத்தில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்று அளந்து எழுதும் முறை அப்போது நம் நாட்டில் வேரூன்றவில்லை. மார்டிமர் வீலர் 1945-ல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் தோண்டியபோது, இந்திய மாணவர்கள் மண்ணை அடுக்கடுக்காகப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். 2004-லும் 2005-லும் ஆதிச்சநல்லூரில் மத்திய இலாகா மீண்டும் தோண்டியது. நூற்றைம்பதுக்கு மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன.

இதற்குப் பிறகு ஆற்றின் வடகரையில் நடந்த ஒரு விஷயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சிவகளை என்ற ஊரில் பரம்பு நிலத்தில் தாழி ஓடுகளும் இரும்புத் துண்டுகளும் கிடப்பதை ஒரு சரித்திர ஆசிரியர் பார்த்தார். பள்ளிக்கூட வாத்தியார்தான். நான் பறம்பில் பார்த்ததையே அவரும் பார்த்தார். ஆனால் அவர் எதையும் கால்சட்டைப் பைக்குள் செருகவில்லை. இடத்தைக் குறித்துக்கொண்டு போய்ச் சொல்ல வேண்டியவர்களிடம் சொன்னார். 2019 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே முறையாகத் தோண்டியது. கத்தி, வாள், அம்புமுனை, உளி, கோடாரி என்று எண்பதுக்கு மேற்பட்ட இரும்புப் பொருள்கள் கிடைத்தன.

இரும்புக்கு வயது காண்பது எப்படி? அதில் புள்ளி குத்தி வைக்க அங்கே அமெரிக்கக் கம்பெனி கிடையாது. இரும்பையே நேராகச் சோதித்து வயது சொல்வது மிகவும் கடினம். ஆகையால் அதன் பக்கத்தில் கிடந்த கரித்துண்டையோ நெல்மணியையோ கேட்கிறார்கள். உயிரோடிருந்த எந்தப் பொருளிலும் ஒருவகைக் கரியணு உண்டு. உயிர் போனபின் அது சிறிது சிறிதாக அழிந்து 5,730 ஆண்டுகளில் பாதியாகிவிடும். மிச்சம் இருப்பதை அளந்து காலத்தைக் கணக்கிடுகிறார்கள். சிவகளைத் தாழி ஒன்றில் இருந்த நெல் கி.மு. 1155-ஐச் சேர்ந்தது என்று 2021-ல் அறிவித்தார்கள். இரும்புப் பொருள்கள் கிடைத்த தாழிகளின் கரி முதலிய மாதிரிகள் அமெரிக்காவில் ஃப்ளாரிடாவிலுள்ள சோதனைச் சாலைக்கும், நம் நாட்டில் லக்னோவுக்கும் ஆமதாபாத்துக்கும் போயின. அவற்றில் ஒரு கரித்துண்டுக்குக் கி.மு. 3345 என்று காலம் வந்திருப்பதாக 2025 ஜனவரியில் அரசு வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அந்தக் கரியும் அந்த இரும்பும் ஒரே காலத்தவைதாமா என்று அறிஞர்கள் இன்னும் வாதம் செய்கிறார்கள். செய்யட்டும். உலகத்தில் இரும்பின் சரித்திரத்தையே திருத்தி எழுதவேண்டிய விஷயம். சுலபமாக ஒப்புக்கொண்டுவிடக் கூடாது.

ஆனால் அந்த வாதம் நடப்பதற்கே காரணம், இரும்பும் கரியும் சேர்ந்து ஓரிடத்தில் கிடந்ததை ஒருவர் பார்த்து, அளந்து, எழுதி வைத்ததுதான். என் டப்பாவிலிருக்கும் கத்திக்கும் பக்கத்தில் கரி இருந்திருக்கலாம். ஒரு பிடி நெல் இருந்திருக்கலாம். அது முனை கீழ்நோக்கி நின்றதா, படுத்துக் கிடந்ததா? நினைவைக் கசக்கிப் பார்க்கிறேன். நான் பிடித்து ஆட்டியது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

சென்ற வருஷம் டப்பாவை எடுத்துக்கொண்டு ஆதிச்சநல்லூருக்குப் போனேன். அங்கே 2023-ல் தாழிகளை எடுக்காமல், கிடந்த இடத்தில் கிடந்தபடியே விட்டு, மேலே கண்ணாடி பாவி வைத்திருக்கிறார்கள். நாம் கண்ணாடியின்மேல் நின்று குனிந்து பார்க்க வேண்டும். ஆடு மேய்த்த பெரியவர் சொன்ன "எடுத்த எடத்துலேயே வச்சிரு" என்ற சாஸ்திரத்தைத்தான் அவர்களும் கடைப்பிடித்திருக்கிறார்கள். பெரியவர் பேய்க்குப் பயந்து சொல்லியிருந்தாலும் சரியாகவே சொல்லியிருக்கிறார்.

அங்கே இருந்த ஓர் இளைஞரிடம் டப்பாவைக் கொடுத்தேன். அவர் திறந்து பார்த்தார். மூன்று துண்டுகளும் உதிர்ந்து பாதிக்குமேல் செம்பொடியாகியிருந்தன. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எந்த எடத்துல எடுத்தது சார்?" என்று மட்டும் மரியாதையாகக் கேட்டார்.

நான் பறம்பைச் சுற்றுமுற்றும் பார்த்தேன். ஓடையின் போக்கே மாறியிருந்தது. நூறு ஏக்கருக்கு மேலுள்ள மேட்டை நோக்கிக் கையை நீட்டி, "இங்கேதான் எங்கேயோ" என்றேன். அவர் அதை அப்படியே ஒரு சீட்டில் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் நானும் ஒரு சீட்டு எழுதித் தாத்தாவின் கத்தியோடு சேர்த்து வைத்தேன். "அமெரிக்கச் சிப்பாயிடமிருந்து, யுத்த காலத்தில், அஸ்ஸாமில், ஒரு பாட்டில் எலுமிச்சங்காய் ஊறுகாய்க்கு மாற்றாகக் கிடைத்தது. ஊறுகாய் போட்டவள் என் ஆச்சி. அலகின் அடியில் எழுத்து இருந்தது. அதை அழித்தவன் அவர்கள் பேரன்." பிறகு வரும் யாராவது அந்தக் கத்தியைக் கையில் எடுத்தால், இவ்வளவாவது தெரியட்டும்.